லொத்தர் விழுந்தவரின் பெயர் சபைக்குத் தெரியட்டும், சந்திக்குத் தெரிய வேண்டாம்

லொத்தரில் பெரிய பரிசு விழுந்த ஒருவர் "என்ர பெயரையும் படத்தையும் வெளியில போடாதேங்கோ" என்று சொன்னால், லொத்தர் சபை அதைக் கேட்டு நடக்கக் கடமைப்பட்டிருக்க வேண்டும். இது சலுகையாகத் தரப்படாமல் உரிமையாகச் சட்டத்தில் எழுதப்பட வேண்டும் என்பதுதான் என் நிலைப்பாடு.

இப்படிச் சொன்ன உடனேயே "அப்ப களவுக்கு வழி விடச் சொல்லுறியளோ" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குள் இரண்டு விசயம் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கிறது. பரிசு எடுத்தவர் யார் என்பது லொத்தர் சபைக்கும், உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கும், வங்கிக்கும், கணக்காய்வாளர் நாயகத்துக்கும் ஐயமின்றித் தெரிந்திருக்க வேண்டும். அதில் எந்தத் தளர்வும் கூடாது. அதே விபரம் சந்தியில் நிற்கிற ஆளுக்கும் ஏன் தெரிய வேண்டும்?

முதலில் எங்கட இலங்கை நிலைமை. இங்கே அரச லொத்தர் நடத்துவது இரண்டு சபைகள். 1963 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நிதிச் சட்டத்தின் கீழ் வந்த தேசிய லொத்தர் சபை ஒன்று. 1997 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த அபிவிருத்தி லொத்தர் சபை மற்றது. முன்னையதின் இலாபம் திறைசேரிக்குப் போகிறது. பின்னையதின் இலாபம் ஜனாதிபதி நிதியத்துக்கும் மகாபொல புலமைப்பரிசிலுக்கும் போகிறது. சீட்டு ஒன்று 40 ரூபா. தேசிய லொத்தர் சபையின் மகாஜன சம்பத்த என்ற சீட்டில் ஓர் ஆங்கில எழுத்தும் ஆறு இலக்கமும் பொருந்தினால்தான் முதற்பரிசு. 26 எழுத்தையும் பத்து இலட்சம் இலக்கக் கோர்வைகளையும் பெருக்கினால் 2 கோடி 60 இலட்சம் சேர்க்கை. அதில் ஒன்று விழுந்தவர்தான், அடுத்த கிழமை ஒரு பெரிய மட்டைக் காசோலையைப் பிடித்தபடி படத்தில் நிற்கிறார். கீழே பெயர், ஊர், தொகை, சீட்டு விற்ற முகவர் யார் என்ற விபரம்.

அந்தப் படம் அடுத்த சீட்டு விற்பதற்காக எடுக்கப்படுகிறது. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வடக்கில் "பரிசெல்லாம் தெற்குக்குத்தான் போகுது" என்ற கதை வெகுகாலமாக இருப்பதால், யாழ்ப்பாணத்து ஆள் ஒருவர் காசோலையோடு நிற்கிற படம் இங்கே நன்றாகவே வேலை செய்யும். ஆனால் சபையின் விற்பனைக்கு ஒரு குடும்பத்தின் நிம்மதியை விளம்பரமாக எடுப்பதென்றால், அந்தக் குடும்பம் மனமார ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். காசோலை மேசையில் இருக்கும்போது "ஒரு படம் எடுப்பம்" என்று கேட்டு வாங்கும் தலையாட்டலை நான் சம்மதம் என்று எடுக்க மாட்டேன். கொழும்புக்கு முதல்முறை அலுவலாகப் போய், அதிகாரிக்கு முன்னால் கதிரை நுனியில் இருக்கிற ஒரு தோட்டக்காரருக்கு "வேண்டாம் சேர்" என்று சொல்ல வாய் வராது.

படம் வெளிவந்த பிறகு நடப்பதைக் காசுக் கணக்கிலிருந்தே பார்க்கலாம். ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட பரிசில் 14 வீதம் வரியாகப் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். இரண்டு கோடி விழுந்தால் 28 இலட்சம் அங்கேயே போய்விடும். கைக்கு வருவது 1 கோடி 72 இலட்சம். ஊர் கேள்விப்படுவது "ரண்டு கோடி". பழைய கடன், அடைவில் கிடக்கிற நகை, மகளின் கலியாணம், நல்லூர்ப் பக்கம் ஓரிரு பரப்புக் காணி என்று போனால் மிச்சம் பெரிதாக இராது. ஆனால் கோயில் கும்பாபிசேகக் கணக்கும், விளையாட்டுக் கழக மைதானக் கணக்கும், கனடாவுக்குப் பெடியனை அனுப்ப ஏஜென்சிக்குக் கட்ட வேண்டிய காசும் எல்லாம் அந்த இரண்டு கோடியை வைத்தே போடப்படும். கேட்கிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்களுக்கும் உண்மையான தேவைதான். ஒருவருக்குக் கொடுத்து ஒருவருக்கு இல்லையென்றால் பகை. ஒருவருக்கும் கொடுக்காவிட்டால் "காசு வந்ததும் ஆள் மாறிப்போச்சு". இரண்டில் எது நடந்தாலும் அதே ஒழுங்கையில்தான் அடுத்த முப்பது வருசமும் இருக்க வேண்டும்.

இதைவிடப் பயங்கரமானது களவு. வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கிற வீடு எது என்று பார்த்து இரவில் புகுந்து அடித்த சம்பவங்கள் யாழ் குடாநாட்டில் எல்லாருக்கும் தெரியும். அவர்களிடம் ஒரு சங்கிலியும் கொஞ்ச டொலரும் இருக்கும் என்ற ஊகத்தில்தான் வருகிறார்கள். லொத்தர் விழுந்தவர் வீட்டுக்கு ஊகமே தேவையில்லை. பெயர், ஊர், தொகை மூன்றையும் அரச சபையே அச்சிட்டுக் கொடுத்துவிடுகிறது.

வெளிநாட்டில் இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உதாரணம் உண்டு. 2006 இல் அமெரிக்காவின் புளோரிடாவில் 3 கோடி டொலர் பரிசு வென்ற ஒரு லொறி உதவியாளரிடம், அவரது காசை நிர்வகித்துத் தருவதாக ஒரு பெண் ஒட்டிக்கொண்டார். 2009 இல் பரிசு வென்றவர் கொலை செய்யப்பட்டார். அந்தப் பெண்ணுக்கு 2012 இல் ஆயுள் தண்டனை. அதே மாநிலம் 2022 இல்தான் 2,50,000 டொலரும் அதற்கு மேலும் வென்றவரின் பெயரை 90 நாள் மறைத்து வைக்கலாம் என்று சட்டம் போட்டது. 2017 இல் மசாசுசெட்சில் 75 கோடி 87 இலட்சம் டொலர் வென்ற ஒரு பெண்ணின் வீட்டைச் சுற்றிப் பொலிஸ் ரோந்து போட வேண்டி வந்தது. அவரது பெயரில் போலிக் கணக்குத் திறந்து "எனக்கு விழுந்ததில் உங்களுக்கும் தாறன், முதலில் இவ்வளவு அனுப்புங்கோ" என்று மோசடிக்காரர் சனத்தைச் சுருட்டினார்கள். அப்படிப் பார்த்தால் பெயர் வெளியானதால் அடிபடுவது வென்றவர் மட்டுமல்ல. 2022 ஓணம் பம்பரில் 25 கோடி இந்திய ரூபா விழுந்த கேரளத்துக்காரர், சில நாளிலேயே "விழாமல் இருந்திருக்கலாம்" என்று வெளிப்படையாகச் சொல்லும் நிலைக்கு வந்தார். முகவர் பங்கு 10 வீதமும் அதன்பின் வரி 30 வீதமும் போய் அவருக்குரியது பதினைந்தே முக்கால் கோடி. வாசலில் நின்ற கூட்டத்துக்கு அது 25 தான். யமேக்காவில் வென்றவர்கள் முகமூடி போட்டுக்கொண்டு காசோலை வாங்கிய படங்கள் உலகமெங்கும் சிரிப்புக்காகப் பகிரப்பட்டன. எனக்கு அவற்றில் பயந்தான் தெரிகிறது.

இனி எதிர்ப்பக்கம். அதிலும் கனமான வாதம் உண்டு.

அமெரிக்காவில் பல மாநிலங்களுக்கான லொத்தர் சங்கத்தின் தகவல் பாதுகாப்புப் பணிப்பாளராக இருந்த எடி டிப்டன் என்பவர், இலக்கம் தெரிவுசெய்யும் கணினி நிரலிலேயே கைவைத்தவர். 2010 டிசெம்பர் சீட்டிழுப்பில் 1 கோடி 65 இலட்சம் டொலர் பரிசுக்குரிய சீட்டு அயோவா மாநிலத்தில் வாங்கப்பட்டது. பரிசு கேட்பதற்கான முடிவுத் தேதிக்குச் சில மணித்தியாலம் இருக்கும்போது, பெலிஸ் நாட்டில் பதிவான ஒரு பொறுப்பாட்சி நிதியத்தின் (இன்னொருவருக்காகச் சொத்தை வைத்திருக்கும் அமைப்பு) பெயரில் ஒரு சட்டத்தரணி வந்து பரிசைக் கேட்டார். உண்மையில் சீட்டு வாங்கியவர் யார் என்று சொல்லாவிட்டால் காசு இல்லை என்று அயோவா லொத்தர் உறுதியாக நின்றது. அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் விசாரணை விரிந்து 2015 இல் டிப்டன் பிடிபட்டார். இதைச் சொல்லித்தான் "பாருங்கோ, மறைக்க விட்டால் இப்படித்தான்" என்பார்கள். ஆனால் கவனமாகப் பாருங்கள். கள்ளனை மறித்தது, சபை தனக்கு அடையாளம் தெரிய வேண்டும் என்று நின்ற நிலை. பத்திரிகையில் பெயர் வர வேண்டும் என்ற விதியல்ல. பின்னாளில் கடைக் கமராக் காணொளியைப் பகிரங்கமாக விட்டபோது குரலை வைத்து ஆளை அடையாளம் காட்டியவர்கள் உண்டு. அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் அது குற்ற விசாரணையின் போது வெளியிடப்பட்டது. அப்படி வெளியிடுவதை எவரும் எதிர்க்கவில்லை.

எங்கட ஆக்கள் நிறைய இருக்கிற ஒன்ராறியோவில் வேறு மாதிரி நடந்தது. அங்கே வென்றவர் பெயர் வெளியிடுவது வழக்கம். அப்படியிருந்தும் சீட்டு விற்ற கடைக்காரர்கள் வாடிக்கையாளரின் சீட்டைச் சோதிக்க வாங்கி, "விழேல்லை" என்று சொல்லிவிட்டுத் தாங்கள் பரிசெடுத்த விவகாரம் 2006 இல் ஊடகத்திலும் 2007 இல் அம்புட்ஸ்மன் (பொதுமக்கள் முறைப்பாட்டை விசாரிக்கும் அதிகாரி) அறிக்கையிலும் வெடித்தது. கட்டடத் தொழிலாளர் ஏழு பேருக்குச் சேர வேண்டிய 2003 ஆம் ஆண்டுப் பரிசை ஒரு கடைக்காரக் குடும்பம் எடுத்து, உரியவர்களுக்கு 2011 இல்தான் காசு போய்ச் சேர்ந்தது. இதற்கு மருந்து, வாங்குபவர் தானே சீட்டைச் சோதிக்கும் வசதியும், முகவரோ சபை ஊழியரோ அவர்களின் நெருங்கிய குடும்பத்தவரோ பரிசு கேட்டால் தனியான விசாரணையும்தான். அப்படிப்பட்டவர்கள் வென்றால் அவர்களின் பெயரைக் கட்டாயம் வெளியிடலாம். அது உள்வீட்டு ஆக்களுக்கான விதி. சீட்டு வாங்கிய சாதாரண ஆளுக்கு அதைப் போட வேண்டியதில்லை.

பலர் யோசிக்காத ஒன்று இருக்கிறது. எனக்கு அதுதான் முதன்மையான காரணம். பெயரைக் கட்டாயம் வெளியிட்டால் உண்மையான வெற்றியாளர் ஒளிக்கத் தொடங்குவார். தம்பியை அனுப்புவார், மச்சானின் பெயரில் எடுப்பார், அல்லது சீட்டையே காசுக்காரன் ஒருவனுக்கு விற்றுவிடுவார். மச்சான் பெயரில் எடுத்த காசு பதிவேட்டின்படி மச்சானுடையது. நாளைக்கு அவர் "என்ர சீட்டு" என்றால் நீதிமன்றத்தில் நிற்க உங்களிடம் ஒரு துண்டும் இராது. சீட்டை விலைக்கு வாங்குபவன் யார்? கணக்குக் காட்ட முடியாத காசு வைத்திருப்பவன். போதைப்பொருள் காசு, ஊழல் காசு எல்லாம் "லொத்தர் விழுந்தது" என்று வெள்ளையாகும். அமெரிக்கக் குற்றக்கும்பல் தலைவன் வைட்டி பல்ஜர் 1991 இல் 1 கோடி 43 இலட்சம் டொலர் சீட்டொன்றில் தனக்கும் பங்கு என்று பகிரங்கமாகவே பெயர் கொடுத்துக் காசு எடுத்தான். பெயர் வெளியானது அவனுக்கு இடைஞ்சலாக இருக்கவில்லை. வருமானத்துக்குக் கணக்குக் காட்ட அது அவனுக்கு உதவியதாகவே பலர் கருதினார்கள். வெளியில் பெயர் வராது என்ற உறுதி இருந்தால் உண்மையான ஆள் தானே அடையாள அட்டையோடு வருவார். சபையின் பதிவேடு அப்போதுதான் உண்மையாக இருக்கும்.

சட்டத்தில் இதற்கு ஏற்கெனவே இடமுண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 5 ஆம் பிரிவே, பொதுநலனோடு தொடர்பில்லாத தனிப்பட்ட தகவலை மறுக்கலாம் என்கிறது. பெரிய பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம் என்ற வாசலையும் அதே பிரிவு திறந்து வைத்திருக்கிறது. 2022 இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியது. ஆனால் அதன் முக்கியப் பகுதிகளை நடைமுறைப்படுத்துவதைத் தள்ளிப்போட்டார்கள். பிரித்தானியாவில் வென்றவர் எழுத்தில் சம்மதிக்காவிட்டால் பெயர் வராது. டெக்சாசில் பத்து இலட்சம் டொலரும் அதற்கு மேலும் வென்றால் மறைக்கக் கேட்கலாம். இங்கே செய்ய முடியாத காரியம் எதுவும் இதில் இல்லை.

எப்படிச் செய்வது என்பதில் ஊரறிந்த கவனம் வேண்டும். பெயரை மறைத்துவிட்டுப் பிரதேச செயலகப் பிரிவைப் போட்டால் கொழும்பில் அது மறைப்பு. இங்கே அல்ல. யாழ் மாவட்டத்தில் 15 பிரிவு. நெடுந்தீவு என்றோ காரைநகர் என்றோ போட்டால் பொழுது படுவதற்குள் ஆள் யாரென்று தெரிந்துவிடும். முகவர் பெயரும் அப்படியே. கடை வாசலில் "கோடீஸ்வரர் எங்கள் கடையில்" என்று பதாகை கட்டினால், அந்தக் கடையில் நாளாந்தம் சீட்டெடுக்கிற பத்துப் பேரை விரல் விட்டு எண்ணலாம். ஆகவே உடனே வெளியிட வேண்டியது சீட்டிழுப்பு இலக்கம், சீட்டிலக்கம், தொகை, மாவட்டம், பணம் கொடுத்த தேதி. முகவர் விபரத்தை மூன்று மாதம் கழித்துப் போடலாம். படத்துக்கான சம்மதத்தைத் தமிழில் எழுதிய தனிப் படிவத்தில், பணம் கணக்கில் விழுந்த பிறகு கேட்க வேண்டும். முழுப் பட்டியலையும் கணக்காய்வாளர் நாயகம் ஆண்டுதோறும் ஆளாளாகச் சோதித்து, உள்வீட்டு ஆக்கள் எத்தனை பேர், ஒரே ஆள் எத்தனை தரம் என்று அறிக்கை தர வேண்டும். சனத்தின் சந்தேகத்துக்கு நூறு படத்தைவிட இந்த அறிக்கை நல்ல பதில்.

சட்டம் வரும்வரை, சீட்டெடுக்கிற ஆக்களுக்குச் சில சொல்லி வைக்கிறேன். முடிவைச் சபையின் இணையத்தளத்தில் நீங்களே பாருங்கள். விழுந்தது என்று தெரிந்தால் பின்பக்கத்தில் பெயர், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம் மூன்றையும் உடனே எழுதுங்கள். நியூ ஹாம்ப்ஷயரில் 2018 இல் ஏறத்தாழ 56 கோடி டொலர் வென்ற பெண், சொந்தப் பெயரில் கையொப்பம் வைத்ததால் பெயரை மறைத்துப் பொறுப்பாட்சி நிதியத்தின் பெயரில் எடுக்க முடியாமல் நீதிமன்றம் போய்த்தான் பெயரைக் காத்தார். எங்களுக்கு அந்த வழி இல்லை. இங்கே கையொப்பமில்லாத சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவருடையதாகிவிடும் ஆபத்துத்தான் பெரிது. லமினேட் செய்யாதீர்கள், குறியீட்டின் மேல் பின் அடிக்காதீர்கள், சோதிக்கும்போது சிக்கல் வரும். இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கள், ஒருவருக்கும் அனுப்பாதீர்கள். பெரிய பரிசுச் சீட்டை முகவரிடம் கொடுக்காமல் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு நம்பிக்கையான ஒருவரோடு நேரே போங்கள். சீட்டின் பின்னால் போட்டிருக்கும் கால எல்லையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணத்தை ஊர்க் கிளையில் போடாமல் யாழ் நகரிலோ கொழும்பிலோ கணக்குத் திறவுங்கள். சபைக் கடிதத்தையும் வரி பிடித்த சான்றிதழையும் கவனமாக வையுங்கள், வங்கி கட்டாயம் கேட்கும். வைப்புக் காப்புறுதி ஒரு வங்கியில் ஒருவருக்கு 11 இலட்சம் வரைக்கும்தான், ஆனபடியால் ஒரே வங்கியில் எல்லாவற்றையும் போட வேண்டாம். பரிசு எடுக்கப் போகும்போது ஒரு கடிதமும் எழுதிக்கொண்டு போங்கள்: "எனது பெயர், முகவரி, நிழற்படம் ஆகியவற்றை எந்த ஊடகத்திலும் வெளியிட எனக்குச் சம்மதமில்லை." இரண்டு பிரதி. ஒன்றைக் கொடுத்து, மற்றதில் திகதி முத்திரையும் கையொப்பமும் வாங்கி வையுங்கள்.