பத்து ரூபாய்ப் பேனா போதும்

"படம் வரையக் கத்துக்கணும், என்ன வாங்கலாம்?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஒன்றும் வாங்காதீர்கள். சட்டைப் பையில் கிடக்கும் பால்பாயிண்ட் பேனா போதும்.

கஞ்சத்தனத்தில் சொல்லவில்லை. உயர்ந்த வாட்டர்கலர் பெட்டியும் கெட்டித் தாளும் வாங்கியவர்களில் பலர் அதைத் திறப்பதே இல்லை. ஒரு தாள் வீணானால் காசு போச்சே என்று கை தயங்கும். தயங்கும் கையில் கோடு வராது. மலிவான பொருளில்தான் கை துணிந்து ஓடும் என்பது என் கட்சி.

பேனாவையும் லேசாக எண்ண வேண்டாம். லாஸ்லோ பிரோ என்ற ஹங்கேரியப் பத்திரிகைக்காரர், செய்தித்தாள் மை சட்டென்று காய்வதைப் பார்த்து அதைப் பேனாவில் ஊற்றினார். கெட்டி மை, இறங்கவில்லை. அதனால் நுனியில் ஒரு குண்டை வைத்து உருளவிட்டார். 1938இல் காப்புரிமையும் வாங்கினார். இந்தக் கெட்டி மைதான் நமக்கு லாபம். மெல்லத் தொட்டால் சாம்பல், அழுத்தினால் கறுப்பு, கிட்டத்தட்ட பென்சில் மாதிரி. ஜெல் பேனாவில் இது வராது, தொட்டாலே முழுக் கறுப்பு.

வீட்டிலிருக்கும் பித்தளைச் செம்பை ஜன்னலோரம் வைத்து ஆரம்பியுங்கள். பேனாவைத் தளர்வாகச் சாய்த்துப் பிடித்து ஒரே பக்கமாகக் கோடுகள், அதன் மேல் குறுக்கே இன்னொரு வரிசை. இருட்டு வேண்டிய இடத்தில் மூன்றாவது, நான்காவது. நுனியில் மை திரளும், அவ்வப்போது துடைக்காவிட்டால் பொட்டு வைத்துவிடும். செம்பின் வயிற்றில் ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்தைத் தொடவே கூடாது, வெறும் தாள்தான் அங்கே பளபளப்பு. அதை ஒட்டியே ஆழமான இருட்டு இருப்பதும் வரையும்போதுதான் தெரியும். தினமும் தண்ணீர் மொண்ட செம்புதான், ஆனால் யார் அதைப் பார்த்தோம்? ஆனந்த விகடனில் ஓவியர் சில்பி வரைந்த கோயில் சிற்பங்களைத் தேடிப் பாருங்கள், கோட்டால் என்னவெல்லாம் முடியும் என்று புரியும்.

வரைகிற நேரத்தில் ஈஎம்ஐ ஞாபகம் வராது. எனக்கு அது போதும். "நல்லா இருக்கே, வித்தா என்ன கிடைக்கும்?" என்பவர்களிடம் சிரித்து நகர்ந்துவிடுவேன். விற்க ஆரம்பித்தால் வாடிக்கையாளர், கெடு, பாக்கி வசூல். அதற்கு ஆபீஸே இருக்கிறதே!

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். பேனா மலிவு, நேரம் மலிவில்லை. விடிந்ததிலிருந்து அடுப்படியில் நிற்கும் பெண்ணிடம் போய் "ஒரு பொழுதுபோக்கு வெச்சுக்கோ" என்று உபதேசிப்பதற்கு முன், அந்தப் பாத்திரங்களை நாம் துலக்கிக் கொடுப்பது உத்தமம்.

அப்புறம் தாள். பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கம் அருமையாக மை பிடிக்கும், வழவழப்பான அட்டை மட்டும் ஆகாது. வரைந்ததை வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள், இந்த மை வெளுத்துவிடும். ஆவணி முகூர்த்தங்கள் வந்தால் அட்டைக்குப் பஞ்சமில்லை. பத்திரிகை வைக்க வருபவர்களிடம் கூச்சப்படாமல் இன்னொன்று கேட்டு வாங்குகிறேன், ரொம்ப மரியாதை தெரிந்தவன் என்று பெயர் வேறு கிடைத்திருக்கிறது.