ஷுகர் ஹில்லின் வீழ்ச்சி முதல் இசைத்தட்டிலேயே தொடங்கிவிட்டது

ராப் இசையை முதன்முதலில் பெரிய அளவில் விற்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனமான ஷுகர் ஹில் ரெக்கார்ட்ஸ் ஏன் மூடப்பட்டது என்று கேட்டால் பலரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: ரன் டிஎம்சி என்ற புதிய ராப் குழு வந்தது, டெஃப் ஜாம் என்ற போட்டி நிறுவனம் வந்தது, ரசனை மாறிவிட்டது. எனக்கு இந்தப் பதில் போதவே இல்லை. ஊரே ஆடிய அதன் முதல் பாட்டிலேயே வீழ்ச்சிக்கான காரணமும் இருந்தது என்பேன்.

ஷுகர் ஹில்லைத் தொடங்கிய சில்வியா ராபின்சனுக்கு உரிய மரியாதையை முதலில் சொல்லிவிட வேண்டும். 1950களிலேயே பாடகியாகப் பெயர் வாங்கியவர். கணவர் ஜோவுடன் நடத்திய பழைய நிறுவனம் நொடித்துப்போன நேரத்தில், நாற்பதைத் தாண்டிய ஒரு கறுப்பினப் பெண், நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி இளைஞர்கள் தெருவிலும் பூங்காவிலும் மைக் பிடித்துச் சொல்லிக்கொண்டிருந்ததை இசைத்தட்டாக்கி விற்கலாம் என்று நம்பினார். பெரிய நிறுவனங்கள் எட்டிக்கூடப் பார்க்காத இசை அது. 1979-இல் 'ராப்பர்ஸ் டிலைட்' வந்தது. பதினான்கு நிமிடத்துக்கும் மேல் ஓடும் பாட்டு. வானொலியில் ராப் ஒலித்ததென்றால் அதற்குச் சில்வியாவின் காதுதான் காரணம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்தப் பாட்டு எப்படி உருவானது என்று பாருங்கள். நியூஜெர்சியின் இங்கிள்வுட்டில் ஒரு பீட்சா கடையில் வேலை பார்த்த பிக் பேங்க் ஹாங்க், தன் நண்பரான பிராங்க்ஸ் ராப்பர் கிராண்ட்மாஸ்டர் கேஸ் எழுதிவைத்திருந்த வரிகளை வாங்கி வந்து பாடினார். கேஸுக்கு அப்போது 'கேஸனோவா ஃப்ளை' என்று ஒரு பெயர் உண்டு. ஹாங்க் அந்தப் பெயரைக்கூட மாற்றவில்லை. எழுத்தெழுத்தாக அப்படியே பாட்டில் சொல்கிறார்! உலகமே கேட்ட பாட்டில் உண்மையான கவிஞனின் பெயர் ஒலிக்கிறது, ஆனால் பாடலாசிரியர் பட்டியலில் இல்லை. பணமும் வரவில்லை. பின்னணியில் ஓடுவது ஷிக் என்ற டிஸ்கோ குழுவின் 'குட் டைம்ஸ்'. அதை எழுதிய நைல் ராஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் வழக்கு என்று எச்சரித்ததும் அவர்கள் பெயர் சேர்க்கப்பட்டது. சட்டபலம் இருந்தவர்களுக்குப் பெயரும் பணமும் கிடைத்தன. பிராங்க்ஸ் பையனுக்கு எதுவுமில்லை. இதை அந்தக் காலத்து வழக்கம் என்று சொல்லிக் கடந்துபோக என்னால் முடியாது.

1982-இல் ஷுகர் ஹில் வெளியிட்டது, கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் அண்ட் தி ஃபியூரியஸ் ஃபைவ் குழுவின் 'தி மெசேஜ்'. கொண்டாட்டப் பாட்டாகவே இருந்த ராப்பில் கரப்பானும் எலியும் குப்பையும் நிறைந்த நகர வாழ்க்கையைப் பேசிய பாட்டு. எழுதியவர் நிறுவனத்தின் இசைக்கலைஞர் எட் ஃப்ளெச்சர். குழுவின் ராப்பர் மெல்லி மெல் தன் பங்கைச் சேர்த்தார். குழுவில் மற்றவர்களுக்கு அந்தப் பாட்டில் விருப்பமில்லை, சில்வியாதான் விடாப்பிடியாக நின்றார். அவர் நின்றது சரி. ஆனால் அட்டையில் குழுவின் டிஜே கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷின் பெயர். இசையில் அவர் கை கிட்டத்தட்ட எதுவுமே இல்லை. அடுத்த ஆண்டே ஃப்ளாஷ் ராயல்டி பாக்கிக்காகவும் தன் பெயருக்காகவும் நீதிமன்றம் போனார். தன் பெயரைத் தானே பயன்படுத்த ஒரு கலைஞன் வழக்காட வேண்டியிருந்தது என்பதை யோசித்துப் பாருங்கள்.

ஷுகர் ஹில்லின் இன்னொரு பாட்டான 'ஒயிட் லைன்ஸ்' கதை இன்னும் கொடுமை. அதன் பேஸ் கிட்டார் மெட்டு லிக்விட் லிக்விட் என்ற சிறிய குழுவுடையது. அவர்களின் நிறுவனமான 99 ரெக்கார்ட்ஸ் வழக்குப் போட்டு வென்றது. ஆனால் ஷுகர் ஹில் திவாலாகிவிட்டதால் பணம் வரவில்லை. கடைசியில் 99 ரெக்கார்ட்ஸும் இல்லாமல் போனது.

எம்சிஏ என்ற பெரிய இசை நிறுவனத்தோடு போட்ட விநியோக ஒப்பந்தம் கசந்து வழக்கில் முடிந்ததும் உண்மை. புதிய ராப் குழுக்கள் பயன்படுத்திய டிரம் மெஷினின் வறண்ட அடிக்கு முன்னால் ஷுகர் ஹில்லின் ஃபங்க் வாத்தியக் குழு பழசாகத் தெரிந்ததும் உண்மை. (கீத் லெப்ளாங்க், டக் விம்பிஷ், ஸ்கிப் மெக்டொனால்ட் என்ற அந்த மூவரின் வாசிப்பு எனக்கு இன்றும் பழசாகத் தெரியவில்லை.) ஆனால் ரசனை மாறும்போது ஒரு நிறுவனத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டியவர்கள் அதன் கலைஞர்கள். அவர்கள்தான் ஏற்கெனவே வக்கீல் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார்களே. 1980களின் நடுவிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

2022-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம், மறைந்த சில்வியாவுக்கு, இசைத்துறையைத் திரைக்குப் பின்னால் நின்று வளர்த்தவர்களுக்கான அஹ்மத் எர்டெகன் விருது கொடுத்தது. தகுதியானவர்தான், மனதார மகிழ்ந்தேன். அதே மூச்சில் கேட்கிறேன்: 'ராப்பர்ஸ் டிலைட்' பாடலாசிரியர் பட்டியலில் கேஸின் பெயரைச் சேர்க்க இன்னும் என்ன தடை?