சார்ஜரை எடுத்தது சட்டம் இல்லை

அந்தப் பெட்டிப் படத்தை இன்றைக்கும் நம் மேக் பக்கத்தில் மூன்று பேர் பகிர்ந்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் விற்கும் ஆப்பிள் மடிக்கணினியின் பெட்டி அது. எம்5 சில்லு உள்ள மேக்புக் ப்ரோ, பக்கத்தில் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் மேக்சேஃப் சார்ஜ் கேபிள், சார்ஜர் மட்டும் இல்லை. எல்லாம் ஐரோப்பிய ஒன்றியத்தின் வேலை என்று மேலே ஒரு வரி. கீழே அறுபது எழுபது பேர் ஆமாம் போட்டிருக்கிறார்கள். அதில் பாதிப் பேர் ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் இருந்துகொண்டு வருடக்கணக்கில் மேக் பயன்படுத்துபவர்கள். அதுதான் எனக்கு வலிக்கிறது. தெரியாதவர்கள் சொன்னால் போகட்டும் என்று விடலாம். நீங்கள் தெரிந்தவர்கள்.

சட்டம் சார்ஜரை எடுக்கச் சொல்லவில்லை. போன், மடிக்கணினி எல்லாவற்றுக்கும் ஒரே யூஎஸ்பி-சி சார்ஜிங் என்பதற்காக ஒன்றியம் போட்ட, பொதுச் சார்ஜர் சட்டம் என்று நாம் சொல்வது 2022/2380 என்ற எண்ணுள்ள உத்தரவு. 2022 அக்டோபர் 4-ஆம் தேதி ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் 602 பேர் ஆதரித்து, 13 பேர் எதிர்த்து நிறைவேறியது. சார்ஜரைப் பற்றி அதில் இருக்கும் பிரிவு மிகச் சின்னது. ஒரு சாதனத்தைச் சார்ஜரோடு விற்றால், அதையே சார்ஜர் இல்லாமலும் வாங்க வாடிக்கையாளருக்கு வழி இருக்க வேண்டும். அவ்வளவுதான். இரண்டு விதமாகவும் விற்கலாம், தேர்வு வாங்குபவருடையது. சார்ஜரோடு விற்கக் கூடாது என்று அதில் எங்கேயும் இல்லை.

தேதியையும் பாருங்கள். போன், டேப்லெட், கேமராவுக்கெல்லாம் அந்தச் சட்டம் 2024 டிசம்பர் 28 முதல். மடிக்கணினிக்கு 2026 ஏப்ரல் 28 முதல். எம்5 மேக்புக் ப்ரோ அறிவிக்கப்பட்டது 2025 அக்டோபர் 15. ஆறு மாதத்துக்கு மேல் கையில் இருந்தது. யாரும் யார் கழுத்தையும் பிடிக்கவில்லை.

இன்னொன்று. பிரிட்டன் பெட்டியிலும் சார்ஜர் இல்லை. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறியது 2020 ஜனவரி 31. லண்டனில் கடைக்குப் போய் வாங்குகிறவரை பிரஸ்ஸல்ஸில் ஒன்றியம் போடும் சட்டம் எப்படிக் கட்டுப்படுத்தும்? வட அயர்லாந்துக்கு இந்தச் சட்டம் பொருந்தும் என்று ஒருவர் எழுதியிருந்தார். சரிதான், பொருந்தும். அங்கேயும் அது சொல்வது இதே விஷயம்தான்: இரண்டு விதமாகவும் வை. அமெரிக்கப் பெட்டியில் அதே கணினிக்கு 70 வாட் சார்ஜர் இருக்கிறது. ஐரோப்பியருக்கு அதைக் கொடுக்காமல் விட்டது விற்பவரின் முடிவு. அதைச் சொல்லக்கூடாதா?

சட்டம் இல்லாவிட்டால் இந்த முடிவுக்கே வந்திருக்க மாட்டார்கள் என்று சொல்கிறவர்களுக்கு: இருக்கலாம், மறுக்கவில்லை. இரண்டு வகைப் பெட்டி வைப்பது செலவு. ஒரே வகை வைப்பது சுலபம், அதிலும் சார்ஜர் இல்லாத வகை இன்னும் மலிவு. சட்டம் ஒரு கதவைத் திறந்தது, அவர்கள் அதன் வழியாக நடந்தார்கள். ஆனால் 2020-இல் ஐபோன் 12 பெட்டியிலிருந்து சார்ஜர் உலகம் முழுக்கக் காணாமல் போனபோது இந்தச் சட்டம் இல்லையே. அப்போது சொன்ன காரணம் சுற்றுச்சூழல். இப்போது அமெரிக்கப் பெட்டியில் அந்தக் காரணம் எங்கே போயிற்று?

அடுத்த எதிர்ப்பு: எல்லார் வீட்டிலும் சார்ஜர் குவிந்து கிடக்கிறது, இன்னொன்று எதற்கு? பயன்படுத்தாமல் எறியப்படும் சார்ஜர்களால் ஆண்டுக்கு 11,000 டன் மின்கழிவு என்று ஐரோப்பிய ஆணையமே மதிப்பிட்டிருக்கிறது. இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் வீட்டில் குவிந்து கிடப்பவை போன் சார்ஜர்கள். ஐந்து வாட், பன்னிரண்டு வாட், இருபது வாட். மேக்புக் ப்ரோவுக்கு அது போதாது. எத்தனை பேர் வீட்டில் 70 வாட் சார்ஜர் சும்மா கிடக்கிறது?

போன மாதம் ஜெர்மனியில் டார்ட்முண்டில் படிக்கும் ஒரு தம்பி உள்பெட்டியில் எழுதினான். புதுக் கணினி, சார்ஜில் போட்டபடியே வேலை செய்கிறான், ஆனாலும் பேட்டரி இறங்கிக்கொண்டே போகிறதாம். பேட்டரி கோளாறு என்று திருப்பிக் கொடுக்கப் போகிறான். எந்தச் சார்ஜர் என்று கேட்டேன். பழைய ஐபேடுடையது, யூஎஸ்பி-ஏ என்ற பழைய அகலத் துளை, 12 வாட். வீடியோ எடிட் செய்யும்போது கணினி குடிப்பது அதைவிடப் பல மடங்கு. பேட்டரியிலிருந்துதான் மீதியை எடுக்கும். கணினியில் ஒரு குறையும் இல்லை. பெட்டியில் சார்ஜர் இருந்திருந்தால் அந்தப் பையனுக்கு இரண்டு நாள் தூக்கம் கெட்டிருக்காது.

ஆகவே வாங்கப் போகிறவர்களுக்கு ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் சொல்ல மாட்டார்.

சார்ஜரின் மேல் எழுதியிருக்கும் 65 வாட் என்ற பெரிய எழுத்தைப் பார்க்காதீர்கள். அடியில் பொடி எழுத்தில் இருக்கும் வெளியீட்டு வரியைப் பாருங்கள். 20 வோல்ட் என்று ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும். 5 வோல்ட் 3 ஆம்பியர் மட்டும் என்றால் அது 15 வாட், போனுக்கு மட்டும் ஆகும். 20 வோல்ட் 3 ஆம்பியர் என்றால் 60 வாட். 3.25 ஆம்பியர் என்றால் 65. யூஎஸ்பி பவர் டெலிவரி என்ற பெயரும் இருக்க வேண்டும். சார்ஜரும் கணினியும் எத்தனை வோல்ட் என்று தங்களுக்குள் பேசி முடிவு செய்யும் முறை அது. வேறு பெயரில் வேக சார்ஜிங் என்று மட்டும் எழுதியிருந்தால் அது மேக்கோடு பேசாது, 5 வோல்ட்டிலேயே நின்றுவிடும்.

இரண்டாவது கேபிள். சாதாரண யூஎஸ்பி-சி கேபிள் 3 ஆம்பியர் வரைதான் தாங்கும். அதாவது நீங்கள் 100 வாட் சார்ஜர் வாங்கினாலும் அந்தக் கேபிளில் 60 வாட்தான் வரும். அதற்கு மேல் போக 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். அதன் முனையில் ஒரு சின்னச் சில்லு இருக்கிறது, அதுதான் சார்ஜரிடம் எனக்குத் தெம்பு இருக்கிறது என்று சொல்லும். பெட்டியில் வரும் மேக்சேஃப் கேபிளில் இந்தத் தொல்லை இல்லை. அதையே பயன்படுத்துங்கள்.

மூன்றாவது, இரண்டு மூன்று துளை உள்ள சார்ஜர். இதில்தான் ஏமாறுகிறார்கள். 65 வாட் என்று எழுதியிருக்கும், கணினி மட்டும் இருந்தால் 65 கிடைக்கும். பக்கத்துத் துளையில் போனைச் செருகியதும் 45-ம் 20-மாகப் பிரியும். செருகிய அந்த நொடியில் இரண்டுமே ஒருமுறை அறுந்து திரும்ப இணையும். கணினியில் சார்ஜ் ஒலி மறுபடி கேட்பது அதனால்தான், பயப்பட வேண்டாம். அரை மணியில் 50 சதவீதம் ஏற வேண்டும் என்றால் 14 அங்குல எம்5-க்கு 96 வாட் அல்லது அதற்கு மேல், அதுவும் தனித் துளையில்.

செருகிய பிறகு உண்மையில் எத்தனை வாட் வருகிறது என்று பார்ப்பது எளிது. ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டே ஆப்பிள் மெனுவைத் திறந்தால் முதல் வரி சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று மாறும். அதில் பவர் பகுதிக்குப் போய்க் கடைசிவரை இறங்குங்கள். ஏசி சார்ஜர் என்ற தலைப்பின் கீழ் வாட்டேஜ் இருக்கும். 60 வாட் சார்ஜருக்கு 15 என்று காட்டினால் சார்ஜரோ கேபிளோ பொய் சொல்கிறது.

அப்புறம் அந்த ஷாக். கையில் எறும்பு ஊறுவதுபோல இருக்கிறது, கணினியில் கரண்ட் கசிகிறது என்று எத்தனை பேர் எழுதிவிட்டீர்கள்! ஐரோப்பாவில் தட்டையான இரண்டு முள் ப்ளக்கில் எர்த் கிடையாது. சார்ஜருக்குள் மின் இரைச்சலை அடக்க ஒரு மின்தேக்கி இருக்கும், அதன் வழியாக மைக்ரோ ஆம்பியர் கணக்கில் கசிவு அலுமினிய உடம்புக்கு வரும். ஆபத்து இல்லை. ஆனால் ஈரக் கையோடு தொட்டால் உணர்வீர்கள். ஆப்பிள் சார்ஜரில் இரண்டு முள் தலையைக் கழற்றிவிட்டு எர்த் உள்ள நீள வயரைப் போட்டால் நின்றுவிடும். முன்பு அந்த வயர் மேக்புக் ப்ரோ பெட்டியிலேயே வந்தது. 2016-இல் அதை எடுத்தார்கள். அப்போது எந்தச் சட்டம் இருந்தது? எதுவும் இல்லை. வெளியிலிருந்து சார்ஜர் வாங்குகிறவர்கள், மேசையில் வைக்கும் வகையாக, மூன்று கம்பி வயர் கொண்டதாகப் பார்த்து வாங்குங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சட்டம் சார்ஜரை எடுக்கவில்லை என்பதை நான் இத்தனை முறை சொல்வதற்குக் காரணம், அந்தப் பழியை நம்பிவிட்டால் நமக்கு இருக்கும் மற்ற உரிமைகளையும் நாமே சந்தேகப்பட ஆரம்பிக்கிறோம்.

பிரான்ஸில் லியோனில் இருக்கும் ஓர் அக்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். கணினி ஒரு கடையில், சார்ஜர் இன்னொரு கடையில். நான்காம் மாதம் சார்ஜ் ஏறவில்லை. கணினி விற்ற கடை, வெளிச் சார்ஜரால் வந்த கோளாறு என்றது. சார்ஜர் விற்ற கடை, கணினியைப் பாருங்கள் என்றது. மூன்று வாரம் அலைந்தார். ஒரே பெட்டியில் வந்திருந்தால் இந்தப் பந்தாட்டமே இல்லை. சார்ஜர் இல்லாததன் உண்மையான விலை இதுதான், சார்ஜரின் விலை அல்ல.

அக்காவுக்கு அப்போது யாரும் சொல்லவில்லை, இப்போது எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றியம் முழுக்க, பொருளில் கோளாறு இருந்தால் விற்றவரே பொறுப்பு, இரண்டு ஆண்டு, இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். தயாரித்தவரின் ஓராண்டு வாரன்டி வேறு, இது வேறு. பிரான்ஸில் அந்த இரண்டு ஆண்டும் கோளாறு ஆரம்பத்திலேயே இருந்ததாகத்தான் கருதப்படும், இல்லை என்று நிரூபிப்பது கடையின் வேலை. ஜெர்மனியில் இந்தச் சலுகை முதல் ஓராண்டுக்கு. பிரான்ஸில் 30 நாளுக்குள் சரிசெய்து தர வேண்டும், சரிசெய்தால் உத்தரவாதம் ஆறு மாதம் நீளும். வேறொரு நல்ல சார்ஜரைச் செருகி, நான் மேலே சொன்ன பக்கத்தில் வாட்டேஜ் சரியாக வந்தும் பேட்டரி ஏறவில்லை என்றால் அந்தத் திரையைப் படம் எடுத்துக் கடைக்குக் கொண்டுபோங்கள். பேச்சு அங்கேயே முடியும்.

இந்த இரண்டு ஆண்டைச் சரியாகச் சொல்லாமல் கட்டண வாரன்டியை விற்றதற்காக இத்தாலியப் போட்டி ஆணையம் 2011 டிசம்பரில் ஆப்பிளுக்கு 9 லட்சம் யூரோ அபராதம் போட்டது. பழைய ஐபோன்களின் வேகத்தைக் குறைத்ததைச் சொல்லாமல் விட்டதற்கு 2020 பிப்ரவரியில் பிரான்ஸ் 2.5 கோடி யூரோ வாங்கியது. இவற்றையும் ஐரோப்பாவின் தொந்தரவு என்றுதான் அன்றைக்கும் எழுதினீர்களா?

ஐபோன் திரையை மேக்கிலேயே காட்டி இயக்கும் ஐபோன் மிரரிங் இன்னும் இங்கே வரவில்லையே, அதுவும் சட்டத்தால்தானே என்று கேட்பார்கள். தெரியும். 2024-இல் மேக்ஓஎஸ் செக்வோயா என்ற மேக் மென்பொருளோடு வந்த வசதி, நமக்கு மட்டும் இல்லை. எனக்கும் வருத்தம்தான். அது சார்ஜர் சட்டம் இல்லை, டிஜிட்டல் சந்தைச் சட்டம் என்ற வேறொரு ஒன்றியச் சட்டம். அதன்படி மற்ற நிறுவனங்களுக்கும் அதே கதவைத் திறக்கச் சொன்னால் பாதுகாப்புக் கெடும் என்பது ஆப்பிளின் வாதம். அதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஏர்பாட்ஸ் காதுக்கருவியில் வரும் நேரடி மொழிபெயர்ப்பையும் 2025 செப்டம்பரில் இதே காரணம் சொல்லி நிறுத்தினார்கள். டிசம்பரில் ஐபோன் மென்பொருளான ஐஓஎஸ் 26.2-இல் வந்துவிட்டது. சட்டம் அதேதான், மூன்று மாதத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை.

என்னை ஆப்பிள் எதிரி என்று ஒருவர் எழுதினார். மேக் வாங்க நினைக்கிறவர்களுக்கு இந்தப் பக்கத்தில் எத்தனை இரவு பதில் எழுதியிருக்கிறேன் என்று பார்த்தவர்தான் அவரும். இந்தக் கணினியை விரும்பாமலா இவ்வளவு எழுதுகிறேன்? 2015-இலேயே ஒரே ஒரு யூஎஸ்பி-சி துளையோடு மேக்புக் கொண்டுவந்த நிறுவனம் அது. சட்டம் யோசிப்பதற்கு முன்னால் அவர்களே அந்த வழியில் போனார்கள். அதனால்தான் இன்னும் வருத்தம்.

கடைசியாக, பெட்டி வாங்கும்போது பார்க்க வேண்டியது. சட்டத்தின்படி வெளியே ஒரு ப்ளக் படம் போட வேண்டும், உள்ளே சார்ஜர் இருக்கிறதா இல்லையா என்று தெரியும்படி. பக்கத்தில் எத்தனை வாட்டிலிருந்து எத்தனை வாட் வரை தேவை என்ற எண்ணும் இருக்க வேண்டும். அந்த இரண்டு எண்களில் பெரியதைப் பார்த்துச் சார்ஜர் வாங்குங்கள். அந்தப் படத்துக்குச் சட்டத்தின் பின்னிணைப்பில் இரண்டு வடிவம் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றில் ப்ளக்கின் மேல் குறுக்குக் கோடு இருக்கிறது. இன்னொன்றில் இல்லை.