கடற்கரைச் சாலை நினைவுச்சின்னம் சொல்லாமல் விடுவது

முதல் உலகப் போரில் காலனி நாட்டு வீரர்களின் பங்கு மறக்கப்பட்டதைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். அப்போரை ஐரோப்பியர் தமக்குள் நடத்திய போராகவே நாம் படித்து வளர்ந்தோம் என்ற கட்டுரையாளரின் வருத்தம் முற்றிலும் நியாயமானது. பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து மட்டும் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்போரில் பணியாற்றினர். ஏறத்தாழ 74,000 பேர் உயிரிழந்தனர். பிரான்சின் நவ் ஷாப்பேல் நினைவிடத்தில், கல்லறைகூட அறியப்படாத 4,700-க்கும் அதிகமான இந்தியர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

கட்டுரை தொடாத ஒன்று எங்கள் ஊரைச் சேர்ந்தது. பிரெஞ்சு இந்தியாவிலிருந்து சென்று மடிந்தவர்களுக்காக, புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு அருகிலேயே நினைவுச்சின்னம் நிற்கிறது; ஆண்டுதோறும் ஜூலை 14 அன்று மலர்வளையமும் வைக்கப்படுகிறது. ஆனால் மாலையில் அங்கு உலாவ வரும் நம்மில் எத்தனை பேர், அது யாருக்காக எழுப்பப்பட்டது என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்?

துப்பாக்கி ஏந்தியவர்களோடு, துருக்கியின் கலிப்பொலி மலைச்சரிவுகளில் குண்டுமழைக்கிடையே தண்ணீரும் தோட்டாவும் கொண்டுசென்ற இந்தியக் கோவேறு கழுதை ஓட்டிகளையும் (அவர்களின்றி அங்கே முன்னணிப் படைகள் தாக்குப்பிடித்திருக்க முடியாது என்றே நான் கருதுகிறேன்) இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மறதி நினைவுச்சின்னங்களோடு நிற்கவில்லை. பிரான்சுக்காகப் போரிட்ட ஆப்பிரிக்க வீரர்களின் ஓய்வூதியத்தை 1959-ஆம் ஆண்டுச் சட்டம், அவர்களுடைய நாடுகள் விடுதலை பெற்றதைக் காரணமாக்கி, உயராதபடி முடக்கியது; பிரெஞ்சு வீரர்களுக்கு இணையான தொகை கிடைக்க ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின, அதற்குள் அவர்களில் பெரும்பாலோர் இறந்துவிட்டனர்.