செத்த சிப்பாய் யார் வீட்டுப் பிள்ளை?

பழைய போர் எதை எடுத்தாலும் தளபதியின் பெயர் கிடைக்கும், அவர் ஏறிப்போன கப்பலின் பெயர்கூடக் கிடைக்கும். செத்த சிப்பாய் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டுப் பாருங்கள், அங்கே எல்லாம் நின்றுவிடும். இதில் எனக்குத் தீராத ஆதங்கம்.

முதல் உலகப் போரில், 1914 நவம்பர் தொடக்கத்தில், இன்றைய தான்சானியாவில் இருக்கும் தாங்கா துறைமுகத்தில் பிரிட்டிஷ் இந்தியப் படை ஜெர்மானியரிடம் தோற்றது. போனவர்கள் சுமார் 8,000 பேர், எதிரில் நின்றவர்கள் அதில் ஒரு சிறு பங்கு. அந்தப் படையில் 63வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி என்ற காலாட்படைப் பிரிவும் இருந்தது. நம்ம மெட்ராஸ் ஆட்கள். பயந்து ஓடிவிட்டார்கள் என்று எழுதிவைத்துவிட்டார்கள். வாரக்கணக்கில் கப்பலில் அடைபட்டுக் கிடந்து, இறங்கிய கையோடு முன்பின் பார்த்திராத புதருக்குள் தள்ளப்பட்டவர்கள் அவர்கள். அங்கேயே சுடப்பட்டு விழுந்தவரும் இன்றுவரை அந்தப் பழியின் கீழேதான் கிடக்கிறார்.

சரி, அப்படி ஒருவரைத் தேடுவது எப்படி? காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயர், எண், படைப்பிரிவு, இறந்த தேதி இருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் அப்பா பெயர், ஊர், தாலுகா. அன்றைய குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், அதனால் ஒரு சுப்பையாவை நாலு விதமாக அடித்துப் பார்க்க வேண்டும்.

கல்லில் தேடினால் இன்னும் மோசம். ஈராக்கின் பஸ்ரா நினைவிடத்தில் சாதாரண பிரிட்டிஷ் சிப்பாய்க்கும் பெயர் பொறித்திருக்கிறார்கள். இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும்தான் பெயர், மற்றவர்கள் படைப்பிரிவுக்கு இத்தனை பேர் என்று வெறும் எண்ணிக்கை. நம்மூர்ப் பக்கம் சில கிராமங்களில் இருக்கும் கல்வெட்டுகளும் அதே கதைதான்: இந்த ஊரிலிருந்து 1914-1919 பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர்விட்டார்கள். யார் யார்? ஊர்க்காரர்களுக்கு அன்றைக்குத் தெரியும், எழுதத் தேவைப்படவில்லை. இன்றைக்குக் கேட்டால் சொல்ல ஆளில்லை.

பஞ்சாபியர்களுக்கு லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த பதிவேடுகள் கிடைத்தன. சுமார் 3,20,000 வீரர்களின் விவரம், ஊர்வாரியாக. 2021 முதல் அவை இணையத்துக்கு வந்து, பேரப்பிள்ளைகள் தங்கள் தாத்தாவைக் கண்டுபிடிக்கிறார்கள். நமக்கும் அப்படி ஒன்று வேண்டும். யாராவது செய்வார்கள் என்று காத்திருந்தால் நடக்காது.

ஒரு நண்பரின் பாட்டி வீட்டில், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளிப் பதக்கம் பார்த்தேன். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை, மறுபக்கம் குதிரைவீரன். யாரோ வெள்ளைக்காரன் கொடுத்த காசு என்று வைத்திருந்தார்கள். விளிம்பைத் திருப்பி, லென்ஸ் வைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் எண், சிப்பாய் என்ற பதவி, பெயர், படைப்பிரிவு என எல்லாமே பொடி எழுத்தில் வெட்டியிருந்தது. அது பாட்டியின் பெரியப்பா. "போனவர் வரலே"ன்னு மட்டும்தான் பாட்டிக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படி எத்தனை பதக்கம் அடகுக்கடையில் உருகிப் போயிருக்குமோ. உங்கள் வீட்டில் இருந்தால் வெள்ளி விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள். விளிம்பைச் சுற்றி நாலு படம் எடுங்கள், வீட்டில் பெரியவர்களுக்குத் தெரிந்த ஊர்ப்பெயரையும் எழுதி அனுப்புங்கள். மீதியை நானும் சேர்ந்து தேடுகிறேன்.