பர்சிலா என்றால் வெறும் இரும்பு இல்லை

அண்ணனுக்குப் பையன் பிறந்திருக்கிறான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பைபிள் பெயர் ஒன்று சொல்லுங்கள் என்றார்கள், தாவீது ராஜாவுக்கு உதவிய பெரியவர் ஒருவரின் பெயரான பர்சிலா என்று நான் போட்டேன். "பொம்பளைப் பிள்ளைப் பேரு மாதிரி இருக்கே, பிரிசில்லாவா?" என்று அத்தை கேட்டார். அண்ணி இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, "இரும்புன்னு போட்டிருக்கு, வேண்டாமே" என்றார். அதோடு பேச்சு முடிந்துவிட்டது. எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

அத்தை சொன்னதில் நியாயம் இருக்கிறது. எபிரேயத்தில் அது பர்ஸில்லாய். நம் தமிழ் பைபிளில் கடைசி ‘ய்’ போய்விட்டதால்தான் பெண் பெயர் போலக் கேட்கிறது. பர்ஸெல் என்றால் இரும்பு, அதுவும் சரிதான். பழைய அக்காதிய மொழியிலும் இரும்புக்கு பர்ஸில்லு என்றுதான் பெயர். பர்சிலாவின் ஊர் ரோகிலிம், யோர்தானுக்குக் கிழக்கே கீலேயாத் நாட்டில். இன்றைய ஜோர்தானில் அஜ்லூன் மலைப் பக்கம் இரும்புத் தாது உண்டு, அதற்குக் கீழே பள்ளத்தாக்கில் தெல் ஹம்மே என்ற இடத்தில் சுமார் கி.மு. 930-லேயே இரும்பு உருக்கியிருக்கிறார்கள். அந்த மண்ணில் ஒரு குழந்தைக்கு இரும்பு என்று பெயர் வைத்தது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை.

ஆனால் அந்த மனுஷன் செய்ததைப் பாருங்கள். சொந்த மகன் அப்சலோமே எதிர்த்து நிற்க, தாவீது ராஜா வெறுங்காலோடு அழுதுகொண்டே ஒலிவ மலை ஏறி, எருசலேமை விட்டு ஓடுகிறார். எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்று யாருக்கும் தெரியாத நேரம். அப்போது தாவீது வந்து தங்கிய மக்னாயீம் என்ற ஊருக்கு மெத்தை, மண்பாத்திரம், கோதுமை, மாவு, பயறு, தேன், வெண்ணெய், ஆடு எல்லாம் கொண்டு வந்து இறக்கிய மூன்று பேரில் இவர் ஒருவர். மெத்தையை நினைத்துப் பாருங்கள், ஓடி வந்தவர்களுக்கு முதுகு வலிக்கும் என்று யோசித்த மனசு அது!

போர் முடிந்ததும் "என்னோடு எருசலேமுக்கு வாரும், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ராஜாவே கூப்பிடுகிறார். பர்சிலாவுக்கு 80 வயது. சாப்பாட்டில் ருசி தெரியவில்லை, பாட்டு காதில் விழவில்லை, உமக்கு நான் ஏன் பாரமாக வர வேண்டும், அப்பா அம்மாவைப் புதைத்த ஊரிலேயே நானும் கண்ணை மூடுகிறேன் என்று சொல்லி, தனக்குப் பதில் கிம்காமை (அவருடைய மகன் என்று கருதப்படுகிறவர்) அனுப்பிவிட்டு, யோர்தான் வரை வந்து வழியனுப்பிவிட்டுத் திரும்புகிறார். அரண்மனைச் சாப்பாட்டை இவ்வளவு நிதானமாக வேண்டாம் என்ற இன்னொருவரை பைபிளில் நான் பார்த்ததில்லை. இதற்குத்தான் இரும்பு வேண்டும் என்பேன்.

அப்புறம் எஸ்றா புத்தகத்தில் ஒரு செய்தி வருகிறது. ஆசாரியர் குடும்பத்தில் ஒருவர் பர்சிலா வீட்டுப் பெண்ணைக் கட்டி, அந்த வீட்டுப் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டார். பாபிலோனிலிருந்து ஜனங்கள் திரும்பியபோது அவர் வம்சத்தார் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடியும் கிடைக்காமல் ஆசாரிய ஊழியத்திலிருந்து விலக்கப்பட்டார்கள், ஆனாலும் பர்சிலாவின் பிள்ளைகள் என்றே அழைக்கப்பட்டார்கள். மாமனார் வீட்டுப் பெயரை ஆண் ஒருவர் ஆசைப்பட்டு எடுத்துக்கொண்டார் என்றால், அந்தப் பெயருக்கு ஊரில் எவ்வளவு மரியாதை இருந்திருக்கும்!

ஞானஸ்நானத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. இன்றைக்கு ராத்திரி அண்ணனுக்குப் போன் போட்டு, கடைசியில் ‘ய்’ சேர்த்து, பர்சில்லாய் என்று இன்னொரு தடவை சொல்லிப் பார்க்கப் போகிறேன்.