கூல்பார் வீடியோவைப் பகிர்ந்து சிரிக்கிற ஆக்களுக்கு

புதுக்குடியிருப்பில கூல்பார், அதான் குளிர்பானக் கடை, வைச்சிருக்கிற அண்ணை ஒராள், சோலர் பூட்டிப் பிரீசர் ஓட்டப் போய்ப் பற்றரி செத்து நட்டப்பட்டதைச் சொல்லுற வீடியோதான் ரெண்டு நாளா ஓடுது. "சோலர் எண்டு சொல்லி ஏமாத்திப் போட்டாங்கள்" எண்டு அந்த அண்ணை கண் கலங்கிறார், கீழ சிரிப்புக் குறி போடுறீங்கள். நெஞ்சு எரியுது. அவற்ற நட்டம் உண்மை. ஆனா அதை வைச்சு "வன்னிக்குச் சோலர் சரிவராது" எண்டு எழுதாதேங்கோ. கணக்குப் பாக்காமல் பூட்டியிருக்கு, நடந்தது அதுதான்.

வீடியோவில தெரியிறதையே எடுப்பம். 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி ஈயப் பற்றரி ரெண்டு. மொத்தம் 3.6 யுனிட். ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழ இறக்கக் கூடாது, அப்ப 1.8. இன்வேட்டரில போறதைக் கழிச்சா ஒண்டரைதான் மிஞ்சும். அதில ரெண்டு டீப் பிரீசரை விடிய விடிய ஓட்டலாம் எண்டு சொல்லிக் குடுத்திருக்கினம். 150 வாட் பிரீசரில இரவு 14 மணித்தியாலத்தில பாதிக்கு மேல கொம்பிரசர் ஓடினாலே ஒரு யுனிட்டைத் தாண்டும். ரெண்டுக்கும் ரெண்டு யுனிட்டுக்கு மேல வேணும். ஒவ்வொரு இரவும் பற்றரி பாதிக்குக் கீழ வத்தும். வத்தின பற்றரியின்ர தகட்டில சல்பேற்று படிஞ்சு இறுகும், பிறகு எவ்வளவு வெயில் எறிச்சாலும் ஏறாது. இதில வெயில் செய்த பிழை என்ன?

மில்லுகளிலயும் இதே கதைதான். 5 குதிரைவலு மோட்டர் ஓடேக்க நாலு கிலோவாட்டுக்குக் கிட்ட எடுக்கும். நேரடியாச் சுவிச்சைப் போட்டா, எழும்பிற அந்த நொடியில அஞ்சாறு மடங்கு கரண்ட் இழுக்கும், இன்வேட்டர் நிண்டு போகும். வி.எஃப்.டி. எண்ட, மோட்டரின்ர வேகத்தைக் கட்டுப்படுத்திற கருவியைப் போட்டு மெதுவா எழுப்ப வேணும். எத்தினை மில்காரருக்கு இதைச் சொல்லி வித்திருக்கினம்? கணக்குப் பாக்கேல்லை!

"நீர் சோலர் பூட்டுற ஆள், அப்பிடித்தான் கதைப்பீர்" எண்டு வருவினம். ஓம், என்ர தொழில் அது. அதாலதான் கோவம் வருது.

"ஈயத்துக்குப் பதிலா லித்தியம் பற்றரி போடலாமெண்டா விலை கூட" எண்டுவினம். கூடத்தான். ஆனா லைன் கரண்ட் இருக்கிற கடைக்குப் பிரீசரை இரவிரவா ஓட்டப் பற்றரி எதுக்கு? நல்ல வெயிலில 1 கிலோவாட் பனல் நாளுக்கு நாலு யுனிட் தரும். பகலில அதை வைச்சு உப்புத் தண்ணிப் போத்தல்களை உறைய விட்டு, பிரீசரை நிரப்பி வைச்சா இரவு கொம்பிரசர் குறையத்தான் ஓடும். ஒண்டை மட்டும் வாங்க முன்னமே தெரிஞ்சிருங்கோ: லைன் போனா பற்றரி இல்லாத சோலரும் நிக்கும். கம்பத்தில வேலை செய்யிறவைக்குக் கரண்ட் அடிக்கக் கூடாது எண்டுதான் அப்பிடி. லைனே இல்லாத இடமெண்டா கார்த்திகை, மார்கழி மழையை வைச்சுக் கணக்குப் போட வேணும், சித்திரை வெயிலை வைச்சில்லை.

"2025 சித்திரைப் புத்தாண்டுக்கு மின்சார சபையே கூரைச் சோலரை நிப்பாட்டச் சொன்னதே?" சொன்னதுதான். கடையும் தொழிற்சாலையும் பூட்டிக் கிடந்து, பகல் கரண்டை எடுக்க ஆளில்லை. பகலில வேலை செய்யிற மில்லும் தையல் கடையும் ஐஸ் கடையும் பாவிச்சா அந்தக் கரண்ட் வீணாப் போகாது. 2022 இல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினதை அதுக்குள்ள மறந்திட்டியளா?

எனக்கு இதைவிடப் பெரிய கவலை, செத்த அந்த ரெண்டு பற்றரியும் இப்ப எங்க எண்டதுதான். பழைய இரும்புக்கு எடுக்கிறவை காணிக்குள்ள வைச்சு உடைச்சு, அசிட்டை நிலத்தில ஊத்திப் போட்டு ஈயத்தை மட்டும் கொண்டு போவினம். நாங்கள் கிணத்துத் தண்ணி குடிக்கிற ஆக்கள். அந்த மண்ணில எங்கட பிள்ளையள் விளையாடுதுகள். ஈயம் பிள்ளையளின்ர மூளையைத் தாக்கும். இதைப் பற்றி அந்த வீடியோவுக்குக் கீழ ஒரு ஆளும் கேக்கேல்லை.

அண்ணையைத் தெரிஞ்ச ஆரும் இதைப் பாத்தா சொல்லுங்கோ: பற்றரியை உடைக்கக் குடுக்க வேண்டாம், வித்தவையிட்டயே திருப்பி எடுக்கச் சொல்லட்டும். பிரீசருக்குப் பின்னால ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரையும் மூண்டு மாதக் கரண்ட் பில்லையும் படம் எடுத்து எனக்கு அனுப்பட்டும். கணக்குப் போட்டுத் தாறன், காசு வேண்டாம்.